குத்தகை வயலில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா?

மண்ணுக்குப் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ, ஒன்றரை மாதமாவது வயலை அதற்கென்று விட்டுவைக்க வேண்டும். ஏரி வண்டல் அடித்துப் போட்டால் பலன் அடுத்தடுத்த பட்டங்களிலும் நிற்கும். வரும் சம்பாவில் வயல் தன் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர் இதற்கெல்லாம் பணம் போடமாட்டார். யூரியாவை வீசி, விளைந்ததை அறுத்துக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்ல நியாயமில்லை. வாய்மொழிக் குத்தகையில் மண்ணும் சேர்ந்தே நலிகிறது.

இதற்குத் தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பைப் போட்டுப் பயிர் செய்பவரை நிலவுடைமையாளர் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. குத்தகை பாக்கி, நிலத்தைச் சேதப்படுத்துதல் போன்ற காரணங்களைக் காட்டி வருவாய் நீதிமன்றத்தில் உத்தரவு பெற வேண்டும். பாக்கி விழட்டும் என்று வேண்டுமென்றே குத்தகையை வாங்க மறுக்கும் உடைமையாளர்களும் உண்டு. அப்படி மறுத்தால், நெல்லாகத் தர வேண்டிய குத்தகையாயினும் அதன் சந்தை விலையைச் சட்டப்படி டெபாசிட் செய்துவிடலாம். கெடு தவறாமல் செய்வது முக்கியம்.

எவ்வளவு கொடுப்பது என்பதை 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் சொல்கிறது. தொடக்கத்தில் நன்செய்க்கு 40 சதவீதமாக இருந்த உடைமையாளர் பங்கு, பின்னர் இயல்பான மொத்த விளைச்சலில் 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஏக்கருக்கு 28 மூட்டை என்று வைத்துக்கொண்டால், குத்தகை 7 மூட்டை. மீதி 21 சாகுபடிதாரருக்கு. விளைச்சலைப் பங்கு போடும் வாரமுறையில் பாதிக்குப் பாதி என்றால், கூடுதலாகப் பாடுபட்டு எடுக்கும் ஒவ்வொரு மூட்டையிலும் பாதி போய்விடும். அப்புறம் களை எடுக்க இன்னொரு ஆளை வைக்க யாருக்கு மனம் வரும்?

சட்டம் இருந்தாலும் பதிவில் பெயர் வேண்டும். மேற்கு வங்கம் அதை நடத்திக் காட்டியது. 1978-இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா'வில் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் வாரதாரர்களைப் பதிவு செய்தார்கள். 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். பதிவு பெருகிய இடங்களில் நெல் விளைச்சலும் உயர்ந்தது என்று பொருளாதார ஆய்வு காட்டியிருக்கிறது. நம்மிடமும் 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் இங்கே பெரும்பாலும் குத்தகைதாரரே மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. உரிமை போய்விடும் என்று அஞ்சி உடைமையாளர்கள் எழுதித் தர மறுக்கிறார்கள். பகைத்துக்கொண்டால் வயல் போய்விடும் என்று குத்தகைதாரரும் கேட்பதில்லை. அதிகாரிகளே வயலுக்கு வந்து பதிவு செய்தாலொழிய இந்த அச்சம் தீராது.

பெயர் இல்லாததால் வரும் இழப்பு சிறியதல்ல. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பா நெல்லுக்கு அவர் கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஆனால் பயிர் செய்பவர் அவர்தான் என்பதற்கு அடங்கல், அதாவது ஊரின் பயிர்க் கணக்கின் நகல், வேண்டும். கிசான் கடன் அட்டைக்கும் வாய்மொழிக் குத்தகைதாரர் தகுதியுள்ளவரே. நடைமுறையில் அவரிடமும் ஆவணம் கேட்பார்கள். பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மட்டும் நிலம் வைத்திருப்பவருக்கே போகும். அதில் குத்தகைதாரருக்கு இடமே இல்லை. உழுபவரை விட்டுவிட்ட அந்த விதி மாற வேண்டும்.

பதிவு கோரி வட்டாட்சியர் நிலையிலுள்ள பதிவு அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். குத்தகை ரசீதுகள், உங்கள் பெயருள்ள பழைய அடங்கல் நகல்கள், கூட்டுறவுச் சங்கக் கடன் சீட்டு, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சீட்டு என்று கையில் இருப்பதையெல்லாம் சேர்த்துக் கொடுங்கள். விசாரணையில் உடைமையாளர் தரப்பையும் கேட்பார்கள். மனு கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோயில், மடம், அறக்கட்டளை நிலமாக இருந்தால் 1961-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் சேர்ந்து வரும். மனு எழுதுமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.