சிமுலேஷன்: நொதியின் அசைவுக்கு ஒரு தமிழ்ச் சொல்

காட்பாடியில் உயிர்வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர், “என்சைம் சிமுலேஷன் ரெண்டு நாளா ஓடிக்கிட்டிருக்கு சார்” என்றபோது, முதற்சொல்லுக்கு நம்மிடம் நல்ல தமிழ் இருப்பதும், இரண்டாவதற்கு வழங்குவது சரியாகப் பொருந்தாததும் ஒருங்கே மனத்தில் பட்டன.

‘என்சைம்’ என்பது ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1876-இல் அமைத்த சொல். கிரேக்க மொழியில் ‘புளிமாவினுள்’ என்று பொருள்படும். உயிரினங்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதத்தையே இது குறிக்கிறது. நொதித்தல் என்னும் வினையின் பகுதியே பெயராகி நின்ற ‘நொதி’யும் அதே நிகழ்விலிருந்து பிறந்தது. இதை மாற்ற வேண்டியதில்லை.

‘சிமுலேஷன்’ என்பதன் வேர் ‘போன்ற’ எனப் பொருள்படும் ‘சிமிலிஸ்’ என்னும் லத்தீன் சொல். ஒன்று நடப்பதைக் கணினியில் கணக்கிட்டுப் போலச் செய்து பார்ப்பதே சிமுலேஷன். தமிழில் இதனை ‘உருவகப்படுத்துதல்’ என்கிறார்கள். மதிமுகம் என்றால் உவமை. முகமதி என்றால் உருவகம். உருவகம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், உவமையோ போன்மையை மட்டும் சொல்லும். கணினி செய்வது உவமையின் வேலையையே என்பது என் துணிபு.

அது நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் நொதியைப் படிகமாக வளர்த்து, அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறி விழும் புள்ளிகளின் செறிவிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணிக்கிறார்கள். 1965-இல் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் லைசோசைம் என்னும் நொதியின் வடிவத்தை இவ்வாறுதான் கண்டார்கள். ஆனால் படிகம் காட்டுவது பெரும்பாலும் கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரி நிலை. நொதியோ வேலை செய்யும்போது மடிந்து, திறந்து, மூடுகிறது. ஆகவே அவ்வடிவத்தைத் தொடக்கமாக வைத்து, ஒவ்வோர் அணுவின்மீதும் செயற்படும் விசையைக் கணக்கிட்டு, அதனைச் சிறிது நகர்த்தி, மறுபடியும் விசையைக் கணக்கிடுகிறது கணினி. இப்படி ஒருமுறை நகர்த்துவதற்குரிய காலம், ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்ததில் ஓரிரு பங்கு. 1977-இல் மக்கேமன், கெலின், கார்ப்பிளஸ் ஆகிய மூவரும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் ஒரு சிறு புரதத்தின் அசைவை முதன்முதலாக இவ்வாறு கணித்தார்கள். அதில் புரதச் சங்கிலியின் கண்ணிகளாகிய அமினோ அமிலங்கள் 58 மட்டுமே. விசைச் சூத்திரம் பிழைத்தால் அசைவும் பிழைக்கும் என்பதால், வந்த விடையை மீண்டும் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டே ஏற்கிறார்கள்.

நம் ஊர்ப்பக்கம் இது எட்டாத ஆய்வன்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையின் தோல் பதனிடும் தொழிலில், மயிர் நீக்கப் பயன்படும் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்த கழிவுநீர் பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டில் பங்கு கொண்டது. அவற்றுக்கு மாற்றாகப் புரதம் சிதைக்கும் நொதிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்நொதி மயிர்க்காலைப் பிடித்திருக்கும் புரதங்களைத் தளர்த்த வேண்டும், தோலின் உடலாகிய கொலாஜனைத் தொடக் கூடாது. எதைப் பற்றும், எதை விடும் என்பதைத் தீர்மானிப்பதில், பிற மூலக்கூறு வந்து பொருந்தும் அதன் பிளவின் வடிவுக்கும் அசைவுக்கும் பெரும் பங்குண்டு. அந்த அசைவைக் காணவே சிமுலேஷன்.

இதற்குத் தமிழாக முதலில் ‘போலியக்கம்’ என்று சொல்லிப் பார்த்தேன். போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்ற வழக்கால் அது கெட்டுவிடுகிறது. ஒப்பு, இயக்கம் இரண்டும் கூடிய ‘ஒப்பியக்கம்’ பொருந்துகிறது. ‘ஒப்பியக்கிப் பார்த்தோம்’ என்று வினையாகவும் அது வளைந்து கொடுக்கிறது.