ஒரே 125, இரு வேறு துடிப்பு

கிகாபிட் ஈதர்நெட் கேபிளில் வரும் தரவை எஃப்.பி.ஜி.ஏ. என்ற, உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே வடிவமைத்துக்கொள்ளும் சிப் ஒன்று வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தரவோடு 125 மெகாஹெர்ட்ஸ் கிளாக் ஒன்றும், அதாவது சீரான இடைவெளியில் வரும் தாளத் துடிப்பும், வருகிறது. அது மறுமுனைக் கருவியின் படிகத்தில் பிறந்த துடிப்பு. நம் பலகையிலும் ஒரு 125 மெகாஹெர்ட்ஸ் படிகம் உண்டு. பெயரளவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஈதர்நெட் விதிப்படி ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை கூடலாம், குறையலாம். ஒன்று மேல் எல்லையிலும் மற்றது கீழ் எல்லையிலும் இருந்தால் நொடிக்கு 25,000 துடிப்பு வித்தியாசம். 40 மைக்ரோ நொடிக்கு ஒரு முறை ஒன்று மற்றதை ஒரு முழுத் துடிப்பு முந்திவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பிட்டைப் பத்திரமாகக் கடத்துவதுதான் சிக்கல்.

ஒரே கிளாக்குக்குள் கணக்கு எளிது. துடிப்புக்குத் துடிப்பு ஒரு பிட்டைப் பிடித்துவைப்பது ஃபிளிப்-ஃபிளாப். அப்படி ஒன்றிலிருந்து கிளம்பும் பிட், லாஜிக்கையும் கம்பியையும் தாண்டி, 8 நானோ நொடியில் வரும் அடுத்த துடிப்புக்குச் சற்று முன்பே அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பின் வாசலில் நிலையாக நிற்க வேண்டும். அது செட்டப். துடிப்புக்குப் பின்னும் கொஞ்ச நேரம் மாறாமல் நிற்க வேண்டும். அது ஹோல்ட். சிப்பில் உள்ள எல்லாப் பாதைகளையும் டூல், அதாவது நம் டிசைனைச் சிப்பில் பொருத்தும் மென்பொருள், இப்படிக் கூட்டிப் பார்த்துவிடும்.

வேறு கிளாக்கிலிருந்து வரும் பிட்டுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. துடிப்பு விழும் அதே கணத்தில் அது மாறினால், ஃபிளிப்-ஃபிளாப் 0 பக்கமும் சாயாமல் 1 பக்கமும் சாயாமல் மதில் மேல் பூனையாக நிற்கும். இதுதான் மெட்டாஸ்டேபிலிட்டி. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சேனியும் மோல்னாரும் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்கக் காத்திருக்க, இன்னும் குதிக்காமல் இருக்கும் வாய்ப்பு பல மடங்காகச் சரிந்துகொண்டே போகும். அதனால்தான் வாங்கும் பக்கத்தில் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளை அடுத்தடுத்து வைக்கிறோம். முதலாவது தடுமாறினாலும், இரண்டாவது பார்ப்பதற்குள் ஏறக்குறைய எப்போதும் ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.

டூலுக்கு இதெல்லாம் தானாகத் தெரியாது. விவாடோ போன்ற மென்பொருள், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, எல்லாக் கிளாக்குகளும் ஒரே கணத்தில் கைகோத்துக் கிளம்பியவை என்றே எடுத்துக்கொள்ளும். 100 மெகாஹெர்ட்ஸிலிருந்து 125-க்கு ஒரு பாதை இருந்தால், ஒன்றின் 30-வது நானோ நொடித் துடிப்பையும் மற்றதன் 32-வது நானோ நொடித் துடிப்பையும் பிடித்து, "2 நானோ நொடியில் போய்ச் சேர்" என்று கேட்கும். இரண்டும் ஒரே பி.எல்.எல்.-இல் (ஒரு துடிப்பிலிருந்து வேறு வேகத் துடிப்புகளை உண்டாக்கும் சர்க்யூட்டில்) பிறந்திருந்தால் அது நியாயமான கேள்வி. தனித்தனிப் படிகங்கள் என்றால் அர்த்தமே இல்லை. ஆனாலும் அந்த 2 நானோ நொடிக்காக மற்ற பாதைகளைக்கூட டூல் கெடுத்துக்கொள்ளும்.

டூல் தரும் டைமிங் அறிக்கையில், நேரத்துக்குள் சேராத பாதைகளைக் காட்டும் சிவப்பைக் கண்டதும் பலர் செய்வது, "இந்த இரண்டு கிளாக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை" என்று கன்ஸ்ட்ரெயின்ட் கோப்பில் (டூலுக்கு நாம் தரும் நிபந்தனைகளின் கோப்பில்) ஒரு கிளாக் குரூப் வரி எழுதுவது. சிவப்பு மறைந்துவிடும். ஆனால் சர்க்யூட்டில் எதுவும் மாறவில்லை. டூல் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். கடக்கும் ஒவ்வொன்றும் இரட்டை ஃபிளிப்-ஃபிளாப் வழியாகப் போகும் தனி பிட் என்றால் அது போதும். பல பிட்டுகள் சேர்ந்து கடந்தால் போதாது.

முதலில் வந்தது முதலில் போகும் தரவு வரிசைதான் ஃபைஃபோ. ஒரு கிளாக்கில் எழுதி மற்றதில் படிக்கும் இரு கிளாக் ஃபைஃபோவில், எழுதும் பக்கத்தின் எண்ணிக்கை படிக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். 7-லிருந்து 8-க்குப் போகும்போது 0111 என்பது 1000 ஆகிறது. நான்கு பிட்டும் மாறுகின்றன. நடுவில் பிடித்தால் எந்த எண் வேண்டுமானாலும் கிடைக்கும். அதனால் கிரே குறியீட்டில் அனுப்புகிறோம்: 0100, 1100. ஒரு பிட் மட்டுமே மாறுவதால் பழைய எண்ணோ புதிய எண்ணோதான் கிடைக்கும். ஆனால் ஒரு பிட்டின் கம்பி மற்றவற்றைவிட ஒரு முழுத் துடிப்பு அதிகமாகத் தாமதித்தால், அடுத்த எண்ணின் மாற்றம் அதை முந்திக்கொண்டு வந்துவிடும். யாரும் எழுதாத எண் ஒன்றை எதிர்ப்பக்கம் படிக்கும். எனவே இங்கே சொல்ல வேண்டியது வேறு: "கிளாக் உறவைப் பார்க்காதே, பாதையின் தாமதத்தை மட்டும் பார், அது 8 நானோ நொடியைத் தாண்டக் கூடாது." மேக்ஸ் டிலே வரியும் அதோடு டேட்டாபாத் ஒன்லி என்ற சொல்லும் இதற்குத்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விவாடோவில் கிளாக் குரூப் வரிக்குத்தான் முதல் மரியாதை. அது இருந்தால் அதே பாதைகளுக்கு எழுதிய மேக்ஸ் டிலே செல்லாது, எந்த வரிசையில் எழுதினாலும் சரி.

நான் வேலை பார்த்த ஒரு பலகையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பழைய பாக்கெட்டின் துண்டு புதியதில் கலந்து வந்தது. டைமிங் அறிக்கை முழுக்கப் பச்சை. ஃபைஃபோவின் கன்ஸ்ட்ரெயின்ட் கோப்பில் மேக்ஸ் டிலே ஒழுங்காகவே இருந்தது. வேறொரு கோப்பில், எப்போதோ யாரோ அவசரத்துக்கு எழுதிய கிளாக் குரூப் வரி ஒன்றும் இருந்தது. அதை நீக்கிவிட்டு அதே டிசைனின் அறிக்கையை மறுபடி எடுத்தேன். எண்ணிக்கையின் மற்ற பிட்டுகள் 1 நானோ நொடியை ஒட்டி இருந்தன. ஒரே ஒரு பிட் சிப்பின் மறுகோடி வரை சுற்றிவிட்டு 9.6-இல் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.