"யார் மேல கோபம்?" என்று கேட்டேன்

போன மாதம் ஒருவரை அவருடைய மனைவி அழைத்து வந்தார். வயது 61. திருப்பூரில் பனியன் கம்பெனியில் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். "தூக்கமே வரமாட்டேங்குதுங்க டாக்டரம்மா" என்றார். மனைவி குறுக்கிட்டார். "தூக்கம் கெடக்கட்டுங்க. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாரு. அண்ணன் பையன் கல்யாணத்துக்குக்கூட போகலைங்க." ரத்த அழுத்தம் 160/100 இருந்தது. மாத்திரையை ஒருநாள்கூட விடாதவர்.

பத்தரை மணிக்குப் படுக்கிறார். ஒன்றரை வரை கையில் போன். "நேத்து ராத்திரி என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். கோயில் விவகாரம் ஒன்று, ஒரு நடிகர் பேசிய பேச்சு, எங்கேயோ ஒரு டோல்கேட்டில் அடிதடி. அதற்கு மேல் அவருக்கு நினைவு வரவில்லை. மூன்று மணி நேரம் பார்த்ததில் மிச்சம் அவ்வளவுதான். "சரி, இப்போ யார் மேல கோபமா இருக்கீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எல்லார் மேலயும்தானுங்க."

பதினேழு வருடமாக மனநல மருத்துவராக இருக்கிறேன். ஆரம்பத்தில் என்னிடம் வந்த கோபங்களுக்கு எல்லாம் ஒரு முகம் இருந்தது. மாமியார், கூட்டுத் தொழிலில் ஏமாற்றிய பங்காளி, வரப்பை வெட்டிய பக்கத்துக் காட்டுக்காரர், கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட முதலாளி. முகம் இருக்கும் கோபத்தோடு பேசிப் பார்க்கலாம். எதிராளியைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம், பஞ்சாயத்து பேசலாம், கோர்ட்டுக்குப் போகலாம், சில நேரம் மன்னிக்கவும் செய்யலாம். இப்போது வரும் கோபத்தில் பெரும்பகுதிக்கு முகம் இல்லை. வைத்தியம் எங்கே தொடங்குவது என்பதே கஷ்டமாக இருக்கிறது.

நம் உடம்புக்குத் திரையில் நடப்பதும் வாசலில் நடப்பதும் வேறு வேறு என்று தெரியாது. கோபம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, தசைகள் முறுக்கிக்கொள்கின்றன. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. அந்தக் காலத்தில் ஓடினோம், அல்லது சண்டை போட்டோம். அதோடு அடங்கியது. இன்றைக்குக் கட்டிலில் படுத்தபடி கட்டைவிரலை மட்டும் அசைக்கிறோம். அடங்குவதற்கு முன்னால் அடுத்த வீடியோ வந்துவிடுகிறது. மூன்று மணி நேரம் இப்படி நடந்தால் தூக்கம் எப்படி வரும்?

"நான் தேடிப் போய் பார்க்கலைங்க, அதுவா வருதுங்க" என்றார் அவர். உண்மைதான். அது ஏன் அவரைத் தேடி வருகிறது என்பதைத்தான் எல்லோருக்கும் விளங்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தகவல் பெருகப் பெருக, அதைப் பார்க்கும் மனிதரின் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்று 1971-லேயே சொன்னவர் ஹெர்பர்ட் சைமன். பிற்பாடு பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். பஞ்சம் வந்த பொருளுக்கு விலை ஏறும் அல்லவா? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் விளம்பரத்திலிருந்துதான் வருகிறது. நீங்கள் எவ்வளவு நேரம் திரையில் இருக்கிறீர்களோ அவ்வளவு விளம்பரம். யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணினி நிரலை அல்காரிதம் என்கிறார்கள். எதைக் காட்டினால் நீங்கள் நகர மாட்டீர்கள் என்பதைத்தான் அது ராப்பகலாகக் கணக்குப் போடுகிறது. உங்களுக்குக் கோபமூட்ட வேண்டும் என்று எங்கேயோ உட்கார்ந்து ஒருவர் சதி செய்யத் தேவையில்லை. எது ஓடுகிறது என்று பார்த்து அதையே மேலே தள்ளு என்று ஒரு எந்திரத்திடம் சொல்லிவிட்டால் போதும். கோபம் தானாக மேலே வந்துவிடும்.

ஏன் கோபம் மட்டும்? சோகம் நம்மைச் சும்மா உட்கார வைக்கும். ஒரு அழகான பாட்டைக் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். கோபம் அப்படி விடாது. கமென்ட் போட வைக்கும், நாலு பேருக்கு அனுப்ப வைக்கும், எதிராளி என்ன பதில் சொன்னான் என்று பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து பார்க்க வைக்கும். "இது பொய், நம்பாதீங்க" என்று நீங்கள் நியாயமாக எழுதும் மறுப்புகூட எந்திரத்தின் கணக்கில் அந்தப் பதிவுக்குக் கிடைத்த ஒரு மதிப்பெண்தான்.

இதற்கு ஆதாரம் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. ஃபேஸ்புக் 2016-ல் லைக்கோடு சேர்த்துச் சிரிப்பு, சோகம், கோபம் போன்ற முகக்குறிகளைக் கொண்டு வந்தது. 2017 முதல் அந்த முகக்குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. சிவந்த கோப முகத்துக்கும் சேர்த்துத்தான். ஒரு பதிவைப் பார்த்து ஐந்து பேர் பிடித்திருக்கிறது என்று சொல்வதும், ஒரே ஒருவர் கோபப்படுவதும் தராசில் சமம். இப்படிச் செய்தால் கேடான பதிவுகள் மேலே வரும் என்று உள்ளே வேலை பார்த்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள். பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியே கொண்டு வந்த ஆவணங்கள் வழியாக 2021-ல் இது உலகத்துக்குத் தெரிந்தது. 2020 செப்டம்பரில்தான் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். அப்படி ஆக்கிய பிறகு பொய்ச் செய்திகளும் மனதைக் கெடுக்கும் காட்சிகளும் குறைந்தன. மக்கள் ஃபேஸ்புக்கைப் பயன்படுத்துவதோ குறையவில்லை. இந்தக் கடைசித் தகவலைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. ஒரு எண்ணை மாற்றினால் தணியக்கூடிய நெருப்பை மூன்று வருடம் எரியவிட்டிருக்கிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

எந்திரத்தை மட்டும் சொல்லி நம்மை விட்டுவிட முடியாது. எந்திரம் நம்மையும் பழக்குகிறது. வில்லியம் பிரேடி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் ட்விட்டரில் 7,331 பேர் எழுதிய 1 கோடியே 27 லட்சம் பதிவுகளைப் பார்த்தார்கள். ஆவேசமாக எழுதியபோது யாருக்கெல்லாம் லைக்கும் பகிர்வும் அதிகம் கிடைத்ததோ, அவர்கள் அடுத்தடுத்து இன்னும் ஆவேசமாக எழுதினார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிதானமான அரசியல் கருத்து உள்ள வட்டத்தில் இருந்தவர்கள்தான் இந்தப் பாராட்டுக்கு அதிகம் மசிந்தார்கள்.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் 23 வயதுப் பையன் ஒருவன் வந்தான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சினிமா விமர்சனம் எழுதுவான், நன்றாகவே எழுதுவான். "பாத்து பாத்து எழுதுனா பத்து லைக் வரும் மேடம். ஒருநாள் கடுப்புல ஒரு ஹீரோவோட ரசிகர்களைக் கேவலமா திட்டி நாலு வரி போட்டேன். ரெண்டாயிரம் ஷேர்." அன்று இரவு அவன் தூங்கவில்லை, சந்தோஷத்தில். எட்டு மாதத்தில் அவன் எழுதுவதெல்லாம் திட்டாகவே ஆகிவிட்டது. ஒருநாள் எதிர்த்தரப்பு அவனுடைய அம்மாவின் படத்தைத் தேடி எடுத்துப் போட்டது. படபடப்பும் மூச்சுத் திணறலுமாகத்தான் என்னிடம் வந்தான். நான் பேசிப் பார்த்தவரை அவன் சுபாவத்தில் மென்மையானவன். லைக் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத அந்த எதிர்பார்ப்பு, சூதாட்டக்காரரைப் பிடித்து வைக்கும் அதே பிடி. படித்தவர், பக்குவப்பட்டவர் என்று யாரையும் அது விடுவதில்லை.

இது வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. 2023 மார்ச் மாதத்தை எங்கள் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சொல்லி வீடியோக்கள் பரவின. அந்த வீடியோக்களில் ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. டிஜிபி சைலேந்திர பாபுவே வீடியோவில் பேசி மறுத்தார். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. ஹோலி நெருங்கிய நேரம் வேறு. வழக்கம்போல் ஊருக்குப் போனவர்களின் ரயில்நிலையக் கூட்டம்கூட, பயந்து ஓடுவதாகக் காட்டப்பட்டது. இங்கே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பையனுக்கு ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் செய்கிறாள். பீகாரில் அந்த வீடியோவைப் பார்த்து நியாயமான மனிதர்கள் கொதித்தார்கள். இங்கே "எங்களையா கொலைகாரன்னு சொல்றீங்க" என்று நம் ஆட்கள் கொதித்தார்கள். இரண்டு பக்கமும் கொதித்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். யாரோ அடிபடுகிறார் என்று இரங்கியவர்களும், பழி சுமத்தப்பட்டோம் என்று வருந்தியவர்களும்.

அதற்கும் முன்னால் 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம். குழந்தைக் கடத்தல் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். சாமி கும்பிடக் காரில் வந்த ஒரு வயதான அம்மா வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊரே கூடி அடித்ததில் உயிர் போய்விட்டது. அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினார்கள். இதில் அல்காரிதம் எதுவும் இல்லை, வாட்ஸ்அப்பில் வெறும் ஃபார்வர்டு. ஒரே தட்டில் எத்தனையோ பேருக்குப் போய்ச் சேர்ந்த வேகமே போதுமானதாக இருந்தது. அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி மாற்றினார்கள். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக வாட்ஸ்அப்பே சொன்னது. ஒரு சின்ன வேகத்தடைதான்.

கோபமே கூடாதா டாக்டர் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019-ல் தமிழ்நாடே கொதித்தது. அந்தக் கோபம் இல்லாவிட்டால் வழக்கு எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. வழக்கு சிபிஐக்குப் போனது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தக் கோபத்துக்குப் போய்ச் சேர ஒரு இடம் இருந்தது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் கதறும் வீடியோ அந்த நாட்களில் போன் போனாகப் போனது. அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்கள் அவளுக்காகக் கோபப்பட்டவர்கள்தான். பாலியல் கொடுமையைத் தாண்டி வந்த பெண்களுக்குப் பல வருடமாக ஆலோசனை சொல்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், தன்னுடைய அழுகை ஊரெல்லாம் ஓடுகிறது என்று தெரிவது இன்னொரு வன்முறை. அவளுக்காகக் கோபப்பட்டோம், அவளை நினைக்கவில்லை.

அதனால் கோபத்தோடு வருகிறவர்களிடம் நான் இப்போது கேட்பது ஒரே கேள்விதான். "இந்தக் கோபத்தை எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில யாருகிட்டப் போவீங்க?" பதில் இருந்தால், போங்கள். புகார் எழுதுங்கள், கூட்டத்துக்குப் போங்கள், ஓட்டுப் போடுங்கள், நானும் வருகிறேன். பதில் இல்லாவிட்டால் அந்தப் பதிவை அன்று இரவு யாருக்கும் அனுப்பாதீர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம். காலையில் பாதிக்கு மேல் நினைவிலேயே இருப்பதில்லை என்று பலர் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

கட்டிங் மாஸ்டருக்கு நான் புதிதாக மாத்திரை எழுதவில்லை. போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுங்கள் என்றேன். மணி பார்க்க ஒரு பழைய அலாரம் கடிகாரம். கோபமூட்டும் வீடியோ வந்தால் அதற்குக் கீழே சண்டை போடாமல், இது வேண்டாம் என்று சொல்லும் பட்டனை எங்கே அழுத்துவது என்று அவருடைய போனிலேயே காட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, வீட்டில் கை ஓங்கும் அளவுக்குப் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, தனியாகப் போராட வேண்டாம். டெலிமானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மூன்று வாரம் கழித்து வந்தார். ரத்த அழுத்தம் 138/88. பன்னிரண்டு மணிக்குள் தூங்கிவிடுகிறாராம். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஏன் போகவில்லை என்று அன்றுதான் சொன்னார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு அரசியல் ஃபார்வர்டு போட்டிருக்கிறார், இவர் ஏதோ சொல்ல, வார்த்தை தடித்துவிட்டது. "என்னங்க அந்த ஃபார்வர்டு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது ஞாபகம் இல்லை.

சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது அண்ணன்தான் தோளில் தூக்கிக்கொண்டு நாலு மைல் நடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாராம். அதைச் சொல்லும்போது குரல் கம்மியது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போன்ல வேண்டாமுங்க" என்றார் அவர். "ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி நேர்லயே போயிட்டு வந்துர்றேனுங்க."