குனிய வைக்கும் சன்னல்

அரசு அலுவலகங்களைச் சீரமைக்கும் பணிக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கோ வட்டாட்சியர் அலுவலகங்களுக்கோ போகும்போது, கட்டடத்துக்குள் நுழைவதற்கு முன் வெளியே உள்ள மரத்தடியைப் பார்ப்பது கட்டடக்கலைஞனாகிய என் வழக்கம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், மனு எழுதிக் கொடுப்பவர்கள் சிறு மேசைகளுடன் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்களும் முதியவர்களும் அவர்களைச் சுற்றித் தரையில் அமர்ந்திருப்பார்கள். மனு வாங்கும் கட்டடத்துக்குள் மனு எழுத ஓரிடம் இல்லை என்பதை அந்த மரத்தடி சொல்லிவிடுகிறது.

ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் சன்னலை அளந்து பார்த்தேன். தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், கை மட்டும் நுழையும் திறப்பு. நிமிர்ந்து நின்றால் எழுத்தரின் முகம் தெரியாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ அது எட்டுவதே கடினம். தன் நிலத்துக்குப் பட்டா கேட்டு உரிமையோடு வந்த மனிதர், அந்தத் துளைக்கு முன் குனிந்த கணமே கெஞ்சுபவராகிவிடுகிறார். சன்னலை எடுத்துவிட்டு, இரண்டரை அடி உயரத்தில் மேசை அமைத்து, இருபுறமும் நாற்காலி போட்டோம். செலவு மிகக் குறைவு. எழுத்தரும் வந்தவரும் முகம் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள்.

உயர்ந்த அடித்தளமும் அகன்ற படிக்கட்டும் ஆட்சிக்குக் கம்பீரம் தரும் என்ற எண்ணம் காலனிக் காலத்துக் கட்டடங்களோடு முடிந்துவிடவில்லை. மூன்றடி உயர அடித்தளத்துக்கு 1:12 சரிவில், அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில், சாய்தளம் அமைக்க 36 அடி நீளம் வேண்டும். வரைபடத்தின் தொடக்கத்திலேயே அதற்கு இடம் ஒதுக்காமல், கடைசியில் மிஞ்சிய மூலையில் செங்குத்தாக ஒன்றைக் கட்டிவிட்டு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கேட்பதை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்குக் காட்டுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தை நார்மன் ஃபாஸ்டர் மாற்றியமைத்து 1999இல் முடித்தபோது, அவைக்கூடத்துக்கு மேலே கண்ணாடிக் குவிமாடம் எழுப்பி, பொதுமக்கள் தம் பிரதிநிதிகளின் தலைக்கு மேலே நடந்து செல்லச் சுழல்பாதை அமைத்தார். நம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான் கேட்பது நிழல், குடிநீர், கழிப்பறை, உட்கார ஓர் இடம், அவ்வளவே. ஆனால் வரைபடங்களில் அதிகாரியின் அறைதான் முதலில் இடம்பிடிக்கிறது. காத்திருப்போருக்கு நடைபாதை மிஞ்சுகிறது.

உங்கள் ஊரில் புதிய அலுவலகம் எழும்புகிறதென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் அதன் வரைபட நகலைக் கேட்கலாம். நடக்கும் பணியைப் பார்வையிடவும் அனுமதி கோரலாம். உள்சுவர்கள் எழும்புவதற்கு முன்பே கேளுங்கள். அந்தக் கட்டத்தில் ஒரு சன்னலைத் தாழ்த்துவது எளிது.