உரிமம்: ‘ஃபுட் லைசென்ஸ்’ என்று நாம் சொல்வது எதை?

“ஃபுட் லைசென்ஸ் எடுத்தாச்சா?” வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கும் பெண்ணிடமும் இதைத்தான் கேட்கிறார்கள். நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் பிரியாணிக் கடைக்காரரிடமும் இதைத்தான் கேட்கிறார்கள். இருவருமே “எடுத்தாச்சு” என்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும் தாளைப் பார்த்தால், பெரும்பாலும் மாவு விற்பவரிடம் இருப்பது பதிவுச் சான்றிதழ், பிரியாணிக் கடையில் இருப்பது உரிமம். கட்டணம், சோதனை, பொறுப்பு, தண்டனை எல்லாவற்றிலும் இவை இரண்டும் வேறு வேறு. பேச்சில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால், பதிவு போதும் என்கிற இடத்தில் சிலர் உரிமத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். உரிமம் கட்டாயமான இடத்தில் சிலர் பதிவோடு நின்றுவிடுகிறார்கள்.

லைசென்ஸ் என்ற சொல் நமக்கு ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தது, பிரெஞ்சுக்கு அது லத்தீன் தந்தது. லத்தீனில் ‘லிகேரே’ என்றால் ஒன்றைச் செய்யத் தடையில்லாமல் இருப்பது. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லுக்கு, விருப்பப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம் என்று பொருள். சட்டத்துக்குள் வந்தபோது அந்தப் பொருள் நன்றாகச் சுருங்கிவிட்டது: பொதுவாக எல்லோருக்கும் தடை செய்திருக்கும் ஒரு செயலை, இன்னார் இன்ன நிபந்தனைகளோடு செய்துகொள்ளலாம் என்று அதிகாரம் உள்ளவர் தரும் இசைவு. தடைதான் முதலில் வருகிறது, விலக்கு அப்புறம்தான். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 இதே வரிசையில்தான் பேசுகிறது. அதன் 31-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் உணவுத் தொழிலைத் தொடங்கவோ நடத்தவோ கூடாது என்று ஆரம்பித்து, அதற்கு அடுத்த உட்பிரிவில்தான் சிறு வணிகர்களுக்கு விலக்கு தருகிறது.

தமிழில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் உரிமம். ஓட்டுநர் உரிமம் என்ற வழக்கு அதை ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் அடி ‘உரி’. உரிய, உரியவர், உரிமை எல்லாம் அதே குடும்பம். “அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு” என்று திருக்குறளில் வரும்போது ‘உரியர்’ என்பது சொந்தமானவர் என்ற பொருளில் நிற்கிறது. நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது 518-ஆவது குறள்:

வினைக்குரிமை நாடிய பின்றை அவனை
அதற்குரிய னாகச் செயல்.

ஒரு வேலைக்கு ஒருவர் தகுதியானவரா என்று ஆராய்ந்து பார், தகுதி உண்டு என்று கண்டபின் அவரை அந்த வேலைக்கு உரியவராக ஆக்கு என்பது இதன் பொருள். இங்கே ‘உரிமை’ பிறப்பால் வந்த பாத்தியதை அல்ல, தகுதி. ஆராய்வது முதலில், பொறுப்பை ஒப்படைப்பது பிறகு. ஓர் உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வந்து தண்ணீரையும் சமையலறையையும் பார்த்துவிட்டு அறிக்கை தருவதும், அதன் பேரில் உரிமம் கிடைப்பதும் இதே முறைதான். உரிமம் என்ற சொல் லைசென்ஸுக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்ததற்கு, ‘உரி’ என்ற அடிக்குள் தகுதி என்ற பொருளும் இருப்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். லத்தீன் வேர் தடையின்மையைச் சொல்கிறது, தமிழ் வேர் தகுதியைச் சொல்கிறது. உணவு விஷயத்தில் எனக்குத் தமிழ் வேர்தான் சரியாகப் படுகிறது.

ஆனால் உரிமையும் உரிமமும் ஒன்றல்ல. கடைப் பலகையிலும் பாக்கெட்டிலும் ‘உரிமை எண்’ என்று எழுதுவது தவறு, ‘உரிம எண்’ என்பதே சரி. உரிமை நம்மிடம் ஏற்கெனவே இருப்பது. உரிமம் நிபந்தனையோடு கையில் தரப்படுவது, நிபந்தனை மீறினால் திரும்பப் போவது. கடைக் கட்டடத்தின் உரிமையாளர் ஒருவராகவும், அங்கே உணவகம் நடத்த உரிமம் பெற்றவர் வேறொருவராகவும் இருக்கலாம். கடைக்காரர் இறந்துபோனால் கட்டடம் வாரிசுக்குப் போய்விடும், உரிமம் அப்படிப் போகாது. குடும்பத்தினர் மூன்று மாதம் வரை அதே உரிமத்தில் தொழிலை நடத்தலாம், உரிமம் வழங்கும் அதிகாரியான நியமன அலுவலர் அனுமதித்தால் இன்னும் சிறிது காலம். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

அனுமதி, இசைவு, ஒப்புதல் ஆகியவை பக்கத்துச் சொற்கள். கோயில் திருவிழாவில் மூன்று நாள் கடை போட இடம் தருவது அனுமதி. கட்டட வரைபடத்துக்குக் கிடைப்பது ஒப்புதல். தகுதியைப் பார்த்து, எண் கொடுத்து, தொடர்ந்து கண்காணிப்பதாகவும் சொல்லி ஒரு தொழிலை நடத்தவிடுவதுதான் உரிமம். இலங்கைத் தமிழில் வழக்கு வேறு. அங்கே லைசென்ஸ் என்பதற்கு அனுமதிப்பத்திரம்தான் வேரூன்றிய சொல், நாம் ஓட்டுநர் உரிமம் என்பதை அவர்கள் சாரதி அனுமதிப்பத்திரம் என்பார்கள். அங்கே உணவகத்தைச் சோதிக்க வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பேச்சில் பி.எச்.ஐ. அந்த வழக்கை மாற்றச் சொல்ல நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

சரி, பதிவு? ‘பதி’ என்ற வினையிலிருந்து வந்தது. மண்ணில் கால் பதிகிறது, மனத்தில் பதிகிறது, ஏட்டில் பதிகிறது. இன்னார், இந்த முகவரியில், இந்த உணவைச் செய்கிறார் என்பது அரசின் ஏட்டில் ஏறுவதுதான் பதிவு. இதற்கான ஆங்கிலச் சொல்லும் லத்தீனில் குறிப்பேடு என்ற பொருளிலிருந்து வந்ததே, ஆகவே இங்கே இரண்டு மொழிகளும் ஒரே திசையில் போகின்றன.

சட்டம் ஏன் இரண்டாகப் பிரித்தது? 2006-க்கு முன்பு இந்தியாவில் உணவுக்கென்று ஒரே சட்டம் இருக்கவில்லை. உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் வந்தது. பழப் பொருட்களுக்கு 1955-இல் தனி ஆணை, இறைச்சிப் பொருட்களுக்கு 1973-இல் ஒன்று, பாலுக்கு 1992-இல் ஒன்று. பழைய ஊறுகாய், ஸ்குவாஷ் பாட்டில்களில் எஃப்.பி.ஓ. என்ற முத்திரையைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அது 1955 ஆணையின் கீழ் வந்தது. புதிய சட்டம் இவற்றையெல்லாம் ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. 2011 ஆகஸ்டில் விதிமுறைகளோடு நடைமுறைக்கு வந்தபோது, தள்ளுவண்டியில் சுண்டல் விற்பவரிலிருந்து பெரிய ஆலை வரை எல்லோரும் அதற்குள் வந்தார்கள். தள்ளுவண்டிக்காரரிடம் ஆலைக்குரிய வரைபடத்தையும் தொழில்நுட்ப ஆளையும் கேட்க முடியாது. அதனால்தான் தானே செய்து விற்பவர், சிறு சில்லறை வணிகர், தெருவில் சுற்றி விற்பவர், தற்காலிகக் கடை போடுபவர், குடிசைத் தொழில் நடத்துபவர் ஆகியோருக்குப் பதிவு மட்டும் போதும் என்று வைத்தார்கள்.

2011 விதிமுறைகள் அந்தக் கோட்டை ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயில் போட்டன. அப்போது அதற்குள் இருந்தால் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. அதற்கு மேல் மாநில உரிமம், பெரிய நிறுவனங்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் மத்திய உரிமம். இந்த வரம்புகளும் கட்டணங்களும் திருத்தத்துக்கு உட்பட்டவை, ஆகவே விண்ணப்பிக்கும் நாளில், உரிமத்துக்கும் பதிவுக்கும் அரசு நடத்தும் ‘ஃபோஸ்கோஸ்’ இணையதளத்தில் என்ன இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தொகையைச் சொல்லிப் பணம் வாங்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அருகிலுள்ள இ-சேவை மையத்தின் உதவியையும் கேட்கலாம்.

விதிமுறைகளில் இருந்த ஒரு வரி பலருக்குத் தெரியாது. மதச் சடங்கிலோ சமூக விழாவிலோ உணவு வழங்குபவரும் சிறு உணவு உற்பத்தியாளர் என்ற வரையறைக்குள் வருகிறார், சமையல் ஒப்பந்தக்காரர் மட்டும் அதில் சேரமாட்டார். கோயில் அன்னதானத்துக்கும் பிரசாதத்துக்கும் பதிவு கேட்கப்படுவது இதனால்தான். விற்கவில்லையே, தானமாகத்தானே தருகிறோம் என்ற கேள்வி நியாயமாகத் தோன்றலாம். ஆனால் லாபம் இல்லாமல் செய்தாலும் அது உணவுத் தொழில்தான் என்பது சட்டத்தின் நிலை. பந்தியில் உட்காரும் குழந்தையின் வயிற்றுக்கு இலவச உணவும் விலை கொடுத்த உணவும் ஒன்றுதானே.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்க எளிய வழி அதன் உரிம எண் அல்லது பதிவு எண். வீட்டில் உள்ள ஊறுகாய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. ஆகவே 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு உரிமம், 224 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுப் பதிவு. 100 என்று தொடங்குவது மத்திய உரிமம். அதற்கடுத்த இரண்டு இலக்கம் அது வழங்கப்பட்ட ஆண்டு. பெரிய உணவகம் ஒன்றின் ரசீதில் 2-இல் தொடங்கும் எண்ணைப் பார்த்தால், அவர்கள் தங்கள் விற்பனையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களோ என்று நீங்கள் கேட்கலாம். கடை ரசீதிலும் இந்த எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம்.

தண்டனையிலும் வித்தியாசம் உண்டு. உரிமம் பெற வேண்டியவர் பெறாமல் தொழில் நடத்தினால் சட்டத்தின் 63-ஆம் பிரிவு தொடக்கத்தில் சிறைத் தண்டனையும் அபராதமும் சொன்னது, 2023 திருத்தம் அதிலிருந்து சிறையை நீக்கிப் பணத் தண்டனையை மட்டும் வைத்தது. பதிவு மட்டுமே தேவைப்படும் சிறு வணிகரை அந்தப் பிரிவு தன் வரம்பிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. தள்ளுவண்டிக்காரரிடம் “லைசென்ஸ் இல்லையா, ஜெயில்தான்” என்று யாராவது மிரட்டினால் அது சட்டம் பேசும் பேச்சு அல்ல. பதிவு செய்யாமலே இருந்துவிடலாம் என்று இதற்குப் பொருளும் அல்ல. உரிமம் பெற்றவர்கள், உரிமமோ பதிவோ உள்ளவர்களிடம்தான் வாங்கவும் விற்கவும் வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனைகளில் ஒன்று. உங்கள் முறுக்கைப் பல்பொருள் அங்காடி எடுத்து வைக்க வேண்டும் என்றால், அந்த 224 எண் இல்லாமல் நடக்காது.

காத்திருக்கும் காலத்துக்கும் கணக்கு உண்டு. பதிவு விண்ணப்பத்தை ஏழு நாளுக்குள் ஏற்கவோ மறுக்கவோ ஆய்வுக்கு வருவதாகச் சொல்லவோ வேண்டும், எதுவும் வராவிட்டால் தொழிலைத் தொடங்கலாம். உரிம விண்ணப்பத்துக்கு அந்தக் காலம் இரண்டு மாதம். விண்ணப்பம் போட்ட நாளின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் சாட்சி.

பதிவு என்றால் வெறும் பெயர் எழுதுவது, சுத்தம் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படியில்லை. விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் முதல் பகுதி பதிவு பெற்றவர்களுக்கென்றே எழுதப்பட்டது. குடிக்கத் தகுந்த தண்ணீரில் சமைக்க வேண்டும். தொற்றுநோய் உள்ளவர் உணவைத் தொடக்கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும், சமைக்கும் இடத்தில் எச்சில் துப்பவோ புகைக்கவோ கூடாது. உணவு மூடியிருக்க வேண்டும், குப்பைத் தொட்டியும் மூடியிருக்க வேண்டும். மாவு விற்பவரிடம் இவையெல்லாம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்றால், கிரைண்டர் கல்லின் அடியில் நேற்றைய மாவு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்பதிலும், ஊறவைத்த அரிசியைக் கழுவியது எந்தத் தண்ணீர் என்பதிலும் தெரிந்துவிடும். உரிமம் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் பணியாளர்களின் மருத்துவச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, கொள்முதல் பதிவேடு எல்லாம் சேரும்.

தவறு கண்டால் உடனே ரத்து இல்லை. முதலில் மேம்பாட்டு அறிவிப்பு வரும். என்ன குறை, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கும், அந்த அவகாசம் 14 நாளுக்குக் குறையக்கூடாது. சரிசெய்யாவிட்டால் உரிமம் நிறுத்திவைக்கப்படும், அதற்கும் மேல்தான் ரத்து. மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் மட்டும், காரணத்தை எழுத்தில் வைத்து உடனடியாக நிறுத்தலாம். ‘நிறுத்திவைப்பு’, ‘ரத்து’ இரண்டையும் செய்திகளில் கலந்து எழுதுகிறார்கள். நிறுத்திவைத்த உரிமம் திரும்ப வரும். ரத்தானால் மறுபடி முதலிலிருந்து.

இந்த வட்டாரத்தில் இன்னும் இரண்டு குழப்பம். மாநகராட்சியோ பேரூராட்சியோ தருவது தொழில் உரிமம், அதைப் பெற்றிருந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவையில்லை என்று ஆகாது. இரண்டும் தனித்தனி அலுவலகம், தனித்தனி எண். அடுத்தது, 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். அது ரேஷன் அரிசியும் கோதுமையும் மக்களுக்குக் கிடைப்பது பற்றியது, கடை தொடங்க அதைத் தேடிப் படித்தால் ஒரு வரிகூடப் பயன்படாது. உணவு கிடைப்பதும் உணவு தீங்கில்லாமல் இருப்பதும் தமிழில் ஒரே தொடரால் சொல்லப்படுவதால் வந்த சிக்கல் இது. கடைக்காரர் தேட வேண்டியது 2006 சட்டம்.

எழுதும்போது நான் கைக்கொள்வது இது: உரிமம், உரிம எண், உரிமம் பெற்றவர், பதிவு, பதிவுச் சான்றிதழ், பதிவு எண், இரண்டையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் ‘உரிமம் அல்லது பதிவு’. பேச்சில் ‘ஃபுட் லைசென்ஸ்’ என்று ஒருவர் கேட்டால் திருத்த வேண்டாம். “உங்கள் விற்பனை எவ்வளவு, எந்த இடத்தில் செய்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்” என்று கேளுங்கள். பதிலிலிருந்தே அவருக்கு வேண்டியது 1-இல் தொடங்கும் எண்ணா, 2-இல் தொடங்கும் எண்ணா என்று தெரிந்துவிடும்.