குடியிருப்பு அனுமதி: எந்தக் காகிதம் முதலில், எது கடைசியில்?

வெளிநாட்டில் வேலை உறுதியானதும் பேச்செல்லாம் விசாவைப் பற்றியே இருக்கும். பல நாடுகளில் விசா உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். அங்கேயே தங்கி வேலை பார்க்கக் குடியிருப்பு அனுமதி தனியாக வாங்க வேண்டும். போய் இறங்கிய பிறகு குறித்த நாட்களுக்குள் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதற்கு அந்த நாட்டுக் குடிவரவுத் துறை தரும் பட்டியல்தான் கணக்கு. பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, மருத்துவக் காப்பீடு, தங்கும் முகவரிக்கான ஆதாரம் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். குடும்பத்தையும் அழைத்துப் போவதானால் திருமணச் சான்றிதழும் சேரும்.

எல்லாம் கையில் இருந்தும் பலர் மாட்டிக்கொள்வது எதை முதலில், எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில்தான்.

முதலில் பெயர். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், ஒவ்வொன்றிலும் 44 எழுத்திடங்களுடன் இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அங்கே உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் என்றால் இருவரும் ஒருவரே என்று காட்ட ஓர் ஆவணம் கேட்பார்கள். இதைச் சரிசெய்யத்தான் அதிக நாள் பிடிக்கும். அதனால் இன்றைக்கே எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து சான்றொப்பம், அதாவது உங்கள் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசுத் தரப்பில் உறுதிசெய்து தருவது. இதை எளிதாக்க நாடுகள் செய்துகொண்ட, 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் ஒப்பந்தத்தில் இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. ஆவணம் தந்த நாடும் போகும் நாடும் இதில் இருந்தால், பொதுவாக அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும். பத்து எண்ணிட்ட வரிகள் கொண்ட சதுரம் அது. தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருக்கும். ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை, கையெழுத்திட்டவர் அந்தப் பதவியில் இருந்தவர் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உள்ளே எழுதியிருப்பது சரியா என்று அது சொல்லாது. ஒரு நாடு ஒப்பந்தத்தில் இல்லையென்றால் வெளியுறவுத் துறை, பிறகு தூதரகம் எனப் படிப்படியாக அலைய வேண்டும்.

இங்கே பலர் தவறுவது ஒன்று உண்டு. ஆவணம் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாடுதான் அப்போஸ்டில் தர முடியும். ஒரு நாட்டில் பிறந்து இன்னொரு நாட்டில் படித்தவர் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும். வெளிநாடு போய்விட்ட பிறகு இதைச் செய்வது பெரும் பாடு. அப்புறம், சான்றிதழைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். முத்திரை பதிக்க இடமில்லை என்று திருப்பிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பு இதற்குப் பிறகுதான். அப்போஸ்டிலையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கம் என்பதால், முந்திக்கொண்டால் இரண்டு முறை பணம் போகும். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்தது மட்டுமே செல்லும் என்று பல நாடுகள் சொல்கின்றன. யாரை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் வாங்குங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று அதற்குக் கால வரம்பு வைப்பது சாதாரணம். பட்டச் சான்றிதழுக்கு அந்தக் கவலை இல்லை. முன்பு வேறு நாட்டில் வசித்திருந்தால் அங்கிருந்தும் கேட்கலாம். தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் முதலிலேயே புதுப்பித்துவிடுங்கள். பல நாடுகளில் அனுமதியையும் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு நிறுத்திவிடுவார்கள்.

அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கினால், அந்த விண்ணப்ப வேலை முடிந்ததும் திரும்பக் கேளுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கிறது. கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பித்ததற்கான ரசீதையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். குடியிருப்பு அனுமதி அட்டை கைக்கு வரும்வரை பல இடங்களில் கேட்கப்போவது அந்த ரசீதைத்தான்.