டக்ளஸ் கேடயத்தில் இதயம் வந்தது எப்படி?

வெள்ளிநிறக் கேடயம், நடுவில் சிவப்பு இதயம், இதயத்தின் தலையில் கிரீடம், மேலே நீலப் பட்டையில் மூன்று வெள்ளி நட்சத்திரங்கள். ஸ்காட்லாந்தின் டக்ளஸ் வம்சத்தின் சின்னம் இது. இதெல்லாம் ஒரே நாளில் வரையப்பட்டதல்ல.

பெயர் ஆற்றிலிருந்து வந்தது. லானர்க்‌ஷர் பகுதியில் கிளைடு நதியில் போய்க் கலக்கும் டக்ளஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில், 12ஆம் நூற்றாண்டில் நிலம் வைத்திருந்தவர்கள் இடத்தின் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். அப்போது கேடயத்தில் இருந்தவை நட்சத்திரங்கள் மட்டுமே.

1329இல் மன்னர் ராபர்ட் புரூஸ் இறந்தார். தன் இதயத்தைப் புனிதப் போருக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. அவருடைய தளபதி சர் ஜேம்ஸ் டக்ளஸ் அதைப் பேழையில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனார். 1330இல் தேபா என்ற இடத்தில் நடந்த போரில் இறந்தார். இதயம் ஊர் திரும்பி மெல்ரோஸ் மடாலயத்தில் புதைக்கப்பட்டது. அதன் பிறகுதான் டக்ளஸ் கேடயத்தில் சிவப்பு இதயம் ஏறியது. கிரீடம் இன்னும் பிந்தி வந்தது. ஒரு மனிதரின் விசுவாசத்தை இத்தனை நேரடியாகச் சொல்லும் சின்னம் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

கேடயச்சின்னங்களின் நிறங்களுக்கும் ஒரு விதி உண்டு. பொன், வெள்ளி இரண்டும் 'உலோகங்கள்'. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை போன்றவை 'வண்ணங்கள்'. உலோகத்தின் மேல் உலோகமோ, வண்ணத்தின் மேல் வண்ணமோ வைக்கக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே! வெள்ளியில் சிவப்பு இதயம், நீலத்தில் வெள்ளி நட்சத்திரங்கள் என்று டக்ளஸ் கேடயத்தின் இவ்விரண்டும் இந்த விதிக்குப் பொருந்துகின்றன.

சரி, டக்ளஸ் என்று பெயருள்ள எல்லாரும் இந்தக் கேடயத்தைப் போட்டுக்கொள்ளலாமா? முடியாது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி கேடயச்சின்னம் தனி ஒருவரின் சொத்து. அவருக்குப் பின் வாரிசுக்குப் போகும். இளைய மகன்கள் விளிம்பில் வண்ணக்கரை சேர்ப்பது போன்ற மாற்றத்தோடு தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதைக் கவனிக்க எடின்பரோவில் லார்ட் லயன் என்ற கேடயச்சின்ன அதிகாரியின் தலைமையில் ஒரு நீதிமன்றமே இருக்கிறது. இந்தச் சின்னங்களின் பொதுப் பதிவேடு 1672ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. உரிமையில்லாமல் பயன்படுத்தினால் வழக்குத் தொடர அதற்கென்றே அரசு வழக்கறிஞரும் உண்டு.

வம்சத்தின் மற்ற உறுப்பினர்களுக்கு உள்ளது வார்ப்பட்டை சூழ்ந்த பதக்கம். நடுவில் வம்சத் தலைவரின் தலைக்கவசச் சின்னம் (கேடயத்துக்கு மேல், தலைக்கவசத்தின் உச்சியில் வரும் உருவம்) இருக்கும். டக்ளஸுக்கு அது நெருப்பில் நிற்கும் சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரி. சுற்றியுள்ள பட்டை, 'இது தலைவருடையது, நான் அவரைச் சேர்ந்தவன்' என்று காட்டுகிறது.

ஆனால் டக்ளஸ் வம்சத்துக்கு இன்று அங்கீகரிக்கப்பட்ட தலைவர் இல்லை. ஆண்வழியில் அந்த இடத்துக்கு உரியவரான ஹாமில்டன் கோமகனின் குடும்பப்பெயர் டக்ளஸ்-ஹாமில்டன். இரட்டைப் பெயர் வைத்திருப்பவரை ஒரு வம்சத்தின் தலைவராக லயன் நீதிமன்றம் ஏற்பதில்லை.